எந்தப் பக்கம் போறேள்?

மாமியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வட்டாரத்தில் அந்தக் காலத்தில் மோட்டார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவள் முகம் தெரியும், பெயர் தெரியாது. டிரைவர்கள் 'சகுன மாமி' என்றார்கள். அவள் கணவரின் தம்பி, 'எங்க மன்னி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். நான் வெறுமனே மாமி என்றுதான் கூப்பிட்டேன்.

கல்யாணமாகி நான் மயிலாப்பூருக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்த ஜாகை, தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், அந்தத் தம்பியின் வீட்டு மாடி. கீழே அவர், அவருடைய சம்சாரம், கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு பெண், அப்புறம் மாமி. நாங்கள் குடிவந்த வாரமே மாமி மாடியேறி வந்து, "சாயங்காலம் நோக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை மாமி" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பதிலால் அடுத்த சில வருஷங்கள் நான் ஏறாத வண்டியில்லை.

அவள் வழி தனி வழி. மூன்று மணிக்கு முகத்தில் மஞ்சள் மினுமினுக்க, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, அரக்குப் புடவையை மடிசாராகக் கட்டி, தலையில் பூவும் கையில் வழிய வழியத் தண்ணீர் நிரப்பிய பித்தளைக் கூஜாவுமாகக் கிளம்புவாள். லஸ் முனையில் ஒரு மரத்தடியில் நின்றுகொள்வாள். மோட்டார் ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டதும் நிழலை விட்டு வெளியே வந்து, கோயில் பிரகாரத்தில் நடப்பவள் மாதிரி நிதானமாக அதன் எதிரே நடப்பாள். காரியமாக வெளியே கிளம்புகிறவனுக்கு, நிறை தண்ணீரோடு ஒரு சுமங்கலி எதிரே வந்தால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது. உள்ளே இருப்பவர் முகம் மலர்ந்து, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கும்பிடுவார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் மாமி கேட்டுவிடுவாள்.

"எந்தப் பக்கம் போறேள்?"

"மாம்பலம் பக்கம்மா."

"நானும் அந்தப் பக்கம்தான். சகுனத்தை நடு ரோட்டுல விட்டுட்டுப் போவாளோ?" என்று கதவைத் திறந்து ஏறிவிடுவாள். பின்னாலேயே நான். அந்த மனுஷர் அடையாறு என்று சொல்லியிருந்தால் நாங்களும் அடையாறுதான். மாமிக்கு எங்கேயும் போக வேண்டிய அவசியமே கிடையாது.

"மாம்பலத்துல நமக்கு என்ன வேலை மாமி?" என்று முதல் நாள் கிசுகிசுத்தேன்.

"அங்கே போய்ப் பார்த்தாத்தானேடி தெரியும்?"

போய்ப் பார்த்தோம். அப்போது மாம்பலத்தில் தெருவுக்கு நாலு வீடும் மீதி பொட்டலுமாகக் கிடந்தது. புதுசாகக் கட்டுகிற ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைத் தெற்கே வைக்காதே என்று கொத்தனாரிடம் சண்டை போட்டுவிட்டு, செங்கல் இறக்கிய காலி மாட்டு வண்டியில் ஏறித் திரும்பினோம். என் புடவை முழுக்கச் செம்மண். தீட்டு, மடி என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கும் மாமியிடம் சாஸ்திரம் இருந்தது. "வண்டிக்குத் தீட்டு ஏது? சக்கரம் சுத்திண்டே இருக்கு, எங்கே ஒட்டிக்கும்?" என்பாள்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் முன்பின் தெரியாதவர்கள் வண்டியில் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டார். மறுநாள் அவர் டிராமுக்குக் காத்து நின்ற இடத்தில் எங்கள் மோட்டார் போய் நின்றது. மாமி தலையை நீட்டி, "ஆபீசுலேர்ந்து களைச்சுப் போய் வந்திருக்கேள், ஏறுங்கோ" என்றாள், தன் சொந்த வண்டி மாதிரி. வண்டியின் சொந்தக்காரர் நகர்ந்து இடம் விட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

சனிக்கிழமைகளில் கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிற வண்டிகள்தான் மாமிக்கு அறுவடை. ஒருத்தர் அவளை ஏற்றிக்கொண்டு போய் ஜெயித்துவிட்டார். அது பரவி, அப்புறம் சனிக்கிழமை மத்தியானம் லஸ் முனையில் நான்கைந்து மோட்டார்கள் வந்து அவளுக்காகக் காத்து நிற்கும். மாமி ஒவ்வொன்றாகப் பார்த்து, மெத்தை நன்றாயிருக்கிற வண்டியைப் பொறுக்கி ஏறுவாள். தோற்ற ஒருத்தர், பெரிய வியாபாரி, அடுத்த வாரம் வந்து வழியை மறித்தார்.

"இன்னாம்மா, உன்னை ஏத்திகினு போயும் என் குதிரை கடைசில வந்துச்சே?"

"என்னைச் சைதாப்பேட்டையில எறக்கி விட்டேளா இல்லையா?"

"ஆமா, நீதானே எறக்கச் சொன்னே?"

"பாதி வழியில எறக்கின சகுனம் பாதிதான் பலிக்கும். உங்க குதிரை பாதி தூரம் நன்னா ஓடித்தோ இல்லையோ?"

அந்த மனுஷர் யோசித்தார். "ஓடுச்சு" என்று ஒத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

சகுனம் செல்லுபடியாகாத ஒரே ஆள் ஒரு வெள்ளைக்காரத் துரைதான். அவருக்குச் சுமங்கலியும் தெரியாது, கூஜாவும் தெரியாது. நடு ரோட்டில் ஒரு பெண்பிள்ளை செம்பும் கையுமாக வந்து நிற்கிறாள், நெற்றியில் ரத்தச் சிவப்பாக ஏதோ இருக்கிறது. அடிபட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டி, எங்களை ஏற்றிக்கொண்டு வேகமாகக் கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். மாமி சளைக்கவில்லை. டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டி, சிவப்பு மிக்ஸ்சர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து, தம்பியின் இருமலுக்குக் கொடுத்தாள். அவருக்கு இருமல் நின்றுபோனதில் மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

இத்தனை சிரிப்புக்கும் அடியில் ஒரு விஷயம் இருந்தது. அந்தக் குங்குமம் அவள் நெற்றியில் எத்தனை நாள் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மாமியின் கணவர், ஊர்க்காரர்கள் சிலரோடு காசிக்குப் போனவர். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். "கரையில யாரோடயோ பேசிண்டிருந்தான், திரும்பிப் பார்த்தா காணோம்" என்றார்கள். அவர் அப்படிப்பட்டவர்தானாம். ரயிலில் எதிரே உட்கார்ந்தவனோடு பேச்சு சுவாரசியத்தில் அவன் இறங்குகிற ஊரில் தானும் இறங்கிவிடுவாராம். தேடி ஆள் போயிற்று, போலீசுக்கு எழுதிப் போட்டார்கள், ஒரு துப்பும் கிடைக்கவில்லை. காணாமல் போனவனைப் பற்றிக் கடைசிச் சேதி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டால், தர்ப்பைப் புல்லால் அவனைப் போல ஓர் உருவம் கட்டித் தகனம் செய்து, கருமங்களை முடித்துவிட வேண்டும் என்பது சாஸ்திரம். அப்புறம் அவன் பெண்டாட்டி விதவை.

அந்தப் பன்னிரண்டு வருஷம் முடியப் போகிறது. தம்பி கெட்டவர் இல்லை. அண்ணா கருமம் ஆகாத ஆவியாக அலைகிறானே என்று அவருக்கு நிஜமாகவே வேதனை. போதாததற்கு, கருமம் செய்யாத தோஷத்தால்தான் பெண்ணுக்கு வரன் தட்டிப் போகிறது என்று ஜோசியர் வேறு சொல்லி வைத்திருந்தார். ஆவணியில் நாள் குறித்துவிட்டார்கள்.

மாமி என்னிடம் ஒளிக்கவில்லை. "அந்தப் பொம்மையைக் கொளுத்தினான்னா, அப்புறம் நேக்கு மொட்டைத் தலையும் நார்மடிப் புடவையும் சமையல்கட்டும்தான். இப்போ என்னைப் பார்த்துக் கும்பிடறாளே, இதே மனுஷா அப்போ என்னை எதிர்ல பார்த்தா ஆத்துக்குத் திரும்பிப் போய், ஒரு வாய் ஜலம் குடிச்சுட்டு மறுபடி கிளம்புவா" என்றாள். சொல்லிவிட்டு வழக்கம்போல வண்டி பார்க்க வெளியே வந்துவிட்டாள்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் அடையாறு பாலம் தாண்டி ஒரு வண்டி எங்களை இறக்கிவிட்டுப் போனது. திரும்ப வண்டி கிடைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம் இல்லை. கொஞ்ச தூரத்தில் மீனவர் குப்பம். முதல் குடிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"இன்னாம்மா, மழைல நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க!"

எனக்குக் கால் தயங்கியது. மயிலாப்பூர் அக்கிரகாரத்து மருமகள் மீனவர் குடிசைக்குள் போனாள் என்று தெரிந்தால் என் மாமியார் ஊரிலிருந்து அடுத்த ரயிலிலேயே வந்துவிடுவாள். மாமி குனிந்து உள்ளே போய், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "மழைக்கு ஒதுங்கற எடத்துக்குத் தீட்டு கிடையாதுடி" என்று என்னைப் பார்த்து அதட்டினாள். இந்தச் சாஸ்திரம் அந்த நிமிஷம் பிறந்தது.

அந்தப் பெண் இளநீர் சீவிக் கொடுத்துவிட்டு, எல்லாப் பெண்களும் கேட்பதைக் கேட்டாள். "வூட்டுக்காரரு இன்னாம்மா பண்றாரு?"

"காசிக்குப் போனவர், வரலை. பன்னண்டு வருஷம் ஆகப் போறது. அடுத்த மாசம் புல்லால பொம்மை பண்ணிக் கொளுத்தப் போறா."

"அய்ய! ஆளு கீதா இல்லியான்னே தெரியாம கொளுத்துவாங்களா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கூட்டுக்காரு புயல்ல மாட்டிகினு கரைக்கு வரல. குப்பமே அயுதுச்சு. நெத்திப் பொட்டை அழின்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். போயிட்டான்னு கண்ணால பார்த்த ஒராளு வந்து சொல்லட்டும், அப்பால அழறேன்னு குந்திகினு இருந்தேன். ஒராளு வந்தான். கோவளத்துல படகு ஒதுங்கிக் கீதுன்னு சொல்லிட்டுப் போனான். பாரு, அங்க குறட்டை வுட்டுகினு கீறாரு."

மூலையில் நிஜமாகவே ஒருத்தர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாமி அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டு, வண்டி பிடித்து வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஒரு ஆள் வந்து சொன்னாப் போறும், இல்லையாடி?" என்றாள்.

குறித்த நாள் வந்தது. விடிந்ததும் சாஸ்திரிகள் வந்து முற்றத்தில் உட்கார்ந்து தர்ப்பையைப் பரப்பினார். கை, கால், தலை என்று புல் மனுஷன் ஒருத்தன் உருவாகிக்கொண்டிருந்தான். தம்பியின் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெள்ளைப் புடவையை எடுத்து வைத்தாள். மாமி குளத்தில் முழுகிவிட்டு வருவதாகச் சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். குளத்தைத் தாண்டி அவள் வேகமாக நடந்தபோதுதான், எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது.

"கூஜா எடுக்கலையே மாமி?"

"இன்னிக்குச் சகுனம் வேண்டாம். ஆள்தான் வேணும்."

லஸ் முனையில் முதல் வண்டியை மறித்தாள். வழக்கமான கேள்வி வரவில்லை.

"காசிக்குப் போயிருக்கேளா?"

"காசிக்கா?" என்று அந்த மனுஷர் திடுக்கிட்டார். "நான் சைதாப்பேட்டைக்குத்தாம்மா போறேன்!"

அடுத்த வண்டி பந்தய வியாபாரி. அவர் ராமேசுவரம் வரை போயிருக்கிறாராம். வேண்டுமானால் திருப்பதி போனதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவது வண்டிக்காரர், காசி மட்டும் கேட்காதே, பங்களூர் வேண்டுமானால் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் புல் மனுஷனுக்கு இந்நேரம் தலைப்பாகம் முடிந்திருக்கும்.

நாலாவது வண்டியில் ஒரு வக்கீல். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை.

"போயிருக்கேனே. போன வருஷம்தான் போயிட்டு வந்தேன். ஏன் கேக்கறேள்?"

மாமி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலின் முகம் நீண்டது. "என்னைப் பொய் சாட்சி சொல்லச் சொல்றேளா? நான் கோர்ட்டுல வாதாடறவன் மாமி."

"பொய் எதுக்கு? காசியில, நெட்டையா, செவப்பா, காதுல கடுக்கன் போட்டுண்டு, கண்டவாளோடயெல்லாம் பேசிண்டு நிக்கற ஒரு தமிழ்ப் பிராமணரைப் பார்த்தேளா இல்லையா?"

"அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தேன்."

"அத்தனை பேர்ல ஒருத்தர்கூட எங்காத்துக்காரர் இல்லைன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமோ?"

வக்கீல் தொப்பை குலுங்கச் சிரித்தார். "முடியாது மாமி. என்னால முடியாது" என்று சொல்லி, பின் இடத்தை எங்களுக்கு விட்டுவிட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது சாஸ்திரிகள் உருவத்துக்கு அரைஞாண் கட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் முற்றத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். "போன வருஷம் காசிக்குப் போயிருந்தேன். கரையில, உயரமா, சிவப்பா, கடுக்கன் போட்டுண்டு, ஓயாமப் பேசற ஒரு தமிழ்ப் பிராமணரைப் பார்த்தேன். பேரைக் கேட்டுக்கலை. இங்கே இப்படி ஒரு காரியம் நடக்கறதுன்னு மாமி சொன்னா. தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் ஓயாமல் பேசுகிற என்றதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. "அண்ணாதான்! அண்ணாவேதான்!" என்று அங்கேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். அவருக்கு அண்ணாமேல் அத்தனை பிரியம் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

சாஸ்திரிகள் தர்ப்பையைக் கீழே வைத்தார். "சேதி வந்துடுத்து. இனிமே இன்னிலேர்ந்து பன்னண்டு வருஷம் எண்ணணும். உயிரோட இருக்கறவனுக்குக் கருமம் பண்றது மகா பாவம்" என்றார். பெண்ணின் தோஷம் என்ன ஆகும் என்று தம்பியின் சம்சாரம் கேட்டாள். பெரியப்பா சௌக்கியமாக இருக்கும்போது தோஷம் ஏது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். புல் மனுஷனைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டார்கள். மாடு தின்றது.

வக்கீல் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தால் மாமி அவருக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டுப் பக்கம் அவள் பார்த்ததே இல்லையாம். எனக்கும் இடம் விட்டிருந்தாள். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

வண்டி சாந்தோம் தாண்டிக் கடற்கரை ரோட்டுக்கு வந்தது. நான் நடந்ததையெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாமி சிரிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, முன்னாலிருந்த சரிகைத் தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வண்டிகளை மறிக்கிற குரல் இல்லை அது. "நிஜமாவே அப்படி ஒருத்தரைப் பார்த்தேளா?"

வக்கீல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "பார்த்தேன் மாமி" என்றார்.

"இளைச்சிருந்தாரா?"

வக்கீல் திரும்பவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இல்லை மாமி. நன்னாத்தான் இருந்தார்."

"யாரோட பேசிண்டிருந்தார்?"

"ஒரு படகுக்காரனோட."

மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது போதவில்லை, மறுபடியும் துடைத்தாள்.

"அப்போ கவலையில்லை" என்றாள். "அவன் ஏத்திண்டு போயிருப்பான்."